மெஷினுக்கு மண்ணைப் பழக்குவது எப்படி

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தபோது கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எங்காவது கதை நொண்டும்போது யாரைத் திட்டுவது என்று நீங்கள் தேட வேண்டியிருக்காது.

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்குக் கேப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மருத்துவர் ஊசியைப் போட்டுவிட்டு, மரக்கட்டும் என்று பக்கத்து அறைக்குப் போனார். அங்கே யாருடைய பல்லோ வெளியே வர மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, மாடியில் இருக்கும் பட்டறையிலிருந்து ஒரு பெண்மணி இறங்கி வந்தார். கேப் செய்கிறவர் அவர்தான். முகத்தில் மாஸ்க், கையில் சாவிக்கொத்து போலக் கோத்த பல் மாதிரிகள். ஒவ்வொன்றாக என் வாயருகே பிடித்து, எந்த வெள்ளை என் வெள்ளையோடு ஒத்துப்போகும் என்று பார்த்தார்.

"உங்களோடது வெள்ளை இல்லீங்க. டீ குடிச்ச வெள்ளை," என்றார்.

"தங்கத்துல போட்டா நல்லா இருக்குமா?" என்று கேட்டேன். அதுதான் அன்று நான் உருப்படியாகப் பேசிய கடைசி வாக்கியம். அதற்குள் நாக்கும் உதடும் வேறு யாருடையவோ ஆகிவிட்டன.

"தங்கமா?" என்று அவர் சிரித்தார். மாஸ்க்குக்கு மேலே கண்கள்தான் சிரித்தன. "தங்கத்தைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

ஆகவே இந்தக் கதையில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ, அங்கெல்லாம் என்னால் வாய் திறந்து கேள்வி கேட்க முடியவில்லை என்று கொள்க. ஓட்டையை அடைக்கும் தொழில் அவருடையது. எனக்கு அது வராது.

2

எப்படி ஆரம்பிப்பது?

"செம்மண் ஓடையின் மேல் சூரியன் மெல்ல—"

வேண்டாம். சூரியனைக் கூப்பிடாமல் ஒரு கதையை ஆரம்பிக்கத் துப்பில்லையா எனக்கு?

"தங்கத்தின் மீதான மனிதனின் தீராத வேட்கை வரலாற்றின்—"

இதைப் படிக்க எனக்கே கொட்டாவி வருகிறது.

"ஒரு வீட்டில் ஓர் அண்ணியும் அவருடைய நாத்தனாரும் இருந்தார்கள்."

இது தேவலை. ஒரே சிக்கல்: அண்ணி, நாத்தனார் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால், அடுத்த வாக்கியத்தில் பாத்திரம் உருள வேண்டும் என்று நம்மில் பாதிப் பேர் எதிர்பார்ப்போம். இந்த வீட்டில் பாத்திரம் உருளாது. அதற்காக வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் வருத்தப்பட மாட்டேன்.

எனக்குக் கதை சொன்ன பெண்மணிதான் அண்ணி. நாத்தனார் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. பஸ்ஸின் பின்னால் யாராவது ஜன்னல் வழியே கையை நீட்டினால், கண்ணாடியில் பார்க்காமல் குரலாலேயே உள்ளே இழுத்துவிடுவாளாம். அவளை அண்ணி "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார். அண்ணி கல்யாணமாகி வந்தபோது அவள் இரட்டைச் சடையும் முட்டியில் சிராய்ப்புமாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாமியார் பாப்பா என்றார், இவரும் பாப்பா என்றார். மாமியார் போனார், சடை போனது, பாப்பா மட்டும் நின்றுவிட்டது. நாற்பது பிள்ளைகளை மிரட்டி உட்கார வைக்கும் ஒருத்தியைப் பாப்பா என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் வேறு எதைப் போட்டாலும் அண்ணியின் குரல் அதற்குள் வர மறுக்கிறது.

3

பாப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை (உதடு). அண்ணன், அண்ணி, பாப்பா மூவரும் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் இருந்தார்கள். பாப்பாவுக்குப் பால்கனியை ஒட்டிய அறை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில், வேலை மாற்றிக்கொள்ளப் போவதைச் சொல்வதுபோல, அண்ணன் தான் வேறொரு பெண்ணோடு வாழப் போவதாகச் சொன்னார். அண்ணி தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாராம். "எனக்கு அப்போ பசியா இருந்துச்சு. பின்னால அதை நினைச்சு எனக்கே சிரிப்பு வரும்," என்றார்.

அண்ணன் கிளம்பும் நாள். இரண்டு பெட்டிகள் வாசலுக்குப் போயாயிற்று. பாப்பா உள்ளே தன் யூனிஃபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ கிளம்பலையா?" என்று கேட்டார் அண்ணன்.

பாப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, உண்மையிலேயே புரியாமல் பார்த்தாள்.

"நான் எங்க வர்றது? என் கட்டில் இங்கதானே இருக்கு."

[இந்த இடத்தில் பாப்பாவுக்கு ஒரு பக்கத்துக்குப் பேச்சு எழுதியிருந்தேன். பெண்ணின் பொறுமை, ஆணின் துரோகம் எல்லாம் வரும். நன்றாகவே இருந்தது. ஆனால் படித்துப் பார்த்தபோது அதைப் பேசியது நான். கட்டில் போதும்.]

அப்புறம் கோர்ட், கையெழுத்து எல்லாம் முடிந்தது. வருஷங்கள் போயின. விடிகாலையில் பாப்பா பஸ் எடுக்கக் கிளம்பும்போது அண்ணி டீ போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுப்பார். சாயங்காலம் அண்ணி புருவத்தில் பல்மாவு படிந்து வரும்போது, "மாவு மில்லுல சேந்துட்டீங்களா?" என்று கேட்டபடி பாப்பா துண்டை நீட்டுவாள். யாரும் யாரிடமும் நாம் இனிமேல் என்ன உறவு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மற்றவர்கள்தான் கேட்டார்கள். புதிதாகக் குடி வந்த அம்மாள் ஒருவர், மாடிப்படியில் நிறுத்தி, "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்றார்.

"இல்ல, அண்ணி," என்றாள் பாப்பா.

"அப்போ உங்க அண்ணன்?"

"அது வேற கதை." பாப்பா இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போய்விட்டாள்.

அண்ணி பின்னால் மெதுவாக ஏறினார். ஒவ்வொரு முறை யாராவது இப்படிக் கேட்கும்போதும் அவர் பாப்பாவின் வாயையே பார்ப்பாராம். என்றைக்காவது ஒருநாள் பாப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு பதில் சொல்லிவிடுவாளோ என்று.

4

மெஷின் எப்படி வந்தது என்றால்: பாப்பாவின் பஸ் போகும் வழியில் ஒரு பாலம். கீழே வறண்ட ஓடை, செந்நிறச் சரளை. அதில் விடுமுறை நாட்களில் ஆட்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நீளக் கம்பியின் நுனியில் வட்டத் தட்டு ஒன்றைத் தரையோடு தரையாக வீசி வீசி நடப்பார்கள். தங்கம் தேடுகிறவர்கள். பாலத்தில் சிக்னல் விழும்போதெல்லாம் பாப்பா அவர்களைப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து ஆசை முற்றி, முட்டிவலியால் தேடுவதை விட்டுவிட்ட இன்னொரு பஸ் ஓட்டுநரிடமிருந்து அவருடைய மெட்டல் டிடெக்டரை வாங்கி வந்துவிட்டாள்.

"பொழுதன்னிக்கும் பல்லோடயும் தங்கத்தோடயும்தான் மல்லுக்கட்டுறேன்," என்றார் அண்ணி. "லீவு நாள்லயுமா?"

"உங்க தங்கம் எடை போட்டு எண்ணிக் குடுக்கற தங்கம். இது சும்மா கிடக்கற தங்கம். ருசி வேற, வாங்க."

அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் நாள் பாப்பா மெஷினைத் தரையில் காட்டியதும் அது காட்டுக்கத்தல் கத்தியது. இரண்டடி தள்ளிக் காட்டினாள், அங்கேயும் கத்தியது. ஓடை முழுக்கத் தங்கம் என்று ஒரு நிமிஷம் நம்பினாளாம்.

விஷயம் இதுதான். நாம் மண் என்று சொல்வது வெறும் மண்ணில்லை, அதில் பொடிப்பொடியாக இரும்பு கலந்திருக்கிறது. செம்மண்ணில் இன்னும் அதிகம். மெஷின் அதைக் கேட்டுத்தான் கத்துகிறது. ஆகவே தேட ஆரம்பிக்கும் முன்னால், "இது மண், இதுக்குக் கத்தாதே" என்று மெஷினிடம் சொல்லிவைக்க வேண்டும். அதற்கு கிரவுண்ட் பேலன்ஸ் என்று பெயர். பாப்பா அதை "மெஷினுக்கு மண்ணைப் பழக்கறது" என்பாள்.

பழக்க இரண்டு வழி. ஒன்று, ஆட்டோவில் போட்டுவிடுவது. நாம் நடக்க நடக்க மண் மாறும், மெஷினும் தானாகவே மாற்றிக்கொள்ளும். இன்னொன்று, கையால் வைப்பது. எதுவும் புதைந்திராத இடமாகப் பார்த்து நின்று, தட்டை முட்டி உயரத்துக்கும் தரைக்குமாக ஏற்றி இறக்க வேண்டும். மண்ணின் சத்தம் அடங்கி ஒரே சீரான ரீங்காரம் ஆகும் வரை திருகியைத் திருப்ப வேண்டும். அதன்பின் அது அப்படியே நிற்கும். மண் மாறினால் மறுபடி நாம்தான் வைக்க வேண்டும்.

பாப்பாவுக்கு ஆட்டோதான். "கியர் போட்டுப் போட்டுத் தோள்பட்டை கழண்டு போச்சு. இதாவது தானா ஓடட்டும்."

அண்ணியோ எந்தப் பொடியை வாங்கினாலும் அதனுடன் வரும் தாளைக் கடைசி வரி வரை படிக்கிறவர். மெஷினோடு வந்த புத்தகத்தையும் படித்துவிட்டார்.

"இந்த ஆட்டோவுல ஒரு கோளாறு இருக்கு பாப்பா. ரொம்பச் சின்னத் துணுக்கா இருந்தா மெதுவாத்தான் சத்தம் வருமாம். சந்தேகப்பட்டு நீ அதுக்கு மேலேயே திரும்பத் திரும்ப வீசினா, அதையும் மண்ணுன்னு நினைச்சுக்குமாம். அப்புறம் வாயே திறக்காதாம்."

"அவ்வளவு சின்னது எனக்கு வேணாம் அண்ணி."

"கிடைக்கறதே அவ்வளவு சின்னதுதான்."

இந்தச் சண்டை ஒவ்வொரு விடுமுறைக்கும் நடந்தது. பாப்பா ஆட்டோவில் வீசிக்கொண்டே முன்னால் போவாள். அண்ணி சின்ன மண்வெட்டியும் பிளாஸ்டிக் தட்டுமாகப் பின்னால் போவார். அவர்களுக்குக் கிடைத்தவை: சோடா மூடிகள், பெல்ட் பக்கிள், வளைந்த ஆணிகள், ஒரு ஸ்பூன்.*

* ஸ்பூனைக் கழுவி வைத்துக்கொண்டார்கள். சர்க்கரை டப்பாவில் கிடக்கிறதாம்.

5

(இது சின்ன அத்தியாயம். தாண்டிப் போகிறவர்கள் போகலாம்.)

திரும்பத் திரும்பப் பார்த்தால் பொன்னையும் மண் என்று எண்ணிவிடும் மெஷின். இதைப் படித்ததுமே உங்களுக்கு ஏதோ தோன்றியிருக்கும். பழகிப்போன மனிதர்கள், ஒரே கூரை, கேட்காமல் போகும் குரல் என்று. எனக்கும் தோன்றியது. நாற்காலியில் கிடந்தபடியே, அடடா, கதை மடியில் வந்து விழுந்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

ஆனால் அண்ணி இதைச் சொன்னபோது அவர் குரலில் எந்த அழுத்தமும் இல்லை. இரண்டு பல் மாதிரிகளை மாற்றி மாற்றிப் பிடித்து, என் பல்லின் நிறத்தில் மஞ்சள் அதிகமா சாம்பல் அதிகமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஒரு மெஷினின் கோளாறு, அவ்வளவுதான். மேலே இழுத்துப் போர்த்தப் பார்த்தது நான். எடுத்துவிடுகிறேன்.

6

அண்ணனோடு போன பெண் போன வருஷம் நோயில் இறந்துபோனார். அது இவர்களுக்குக் காதுவழிச் செய்தியாக வந்தது. பிறகு சமீபத்தில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பாவுக்குப் போன் செய்தார்.

பாப்பா இதை அண்ணியிடம் வீட்டில் வைத்துச் சொல்லவில்லை. ஓடைக்குப் போகும் வழியில், வண்டியை ஓட்டிக்கொண்டே, முன்னால் போன லாரியை முந்தும்போது சொன்னாள்.

"அண்ணனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சாம். என்னை வரச் சொல்றான். வந்து இனிமே அங்கேயே இருந்துடுன்றான்."

அண்ணி கண்ணாடி வழியே வெளியே பார்த்தார்.

"போகத்தானே வேணும்," என்றார்.

பாப்பா இன்னொரு லாரியை முந்தினாள். அதை முந்த வேண்டிய அவசியமே இல்லை என்கிறார் அண்ணி.

இங்கேதான் எனக்கு அண்ணி மேல் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கூட இருந்தவள் போகப் போகிறாள். கூப்பிடுகிறவர் யார் என்று தெரியும். இதற்கு இரண்டு வார்த்தைதானா? எழுதுகிறவருக்கு இது கட்டுப்படியாகுமா? ஆகவே வேறு சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன்.

"போகாதே பாப்பா." — நேராக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லக்கூடியவராக இருந்தால் அவர் எப்போதோ சொல்லியிருப்பார்.

"உங்க அண்ணன் எனக்குச் செஞ்சதை மறந்துட்டியா?" — இந்த வசனம் நம் எல்லோருக்கும் பாடம். அதனாலேயே வேண்டாம்.

அண்ணியின் கண்கள் கலங்க, தொண்டையில் ஏதோ—

எதுவும் அவர் வாயில் உட்காரவில்லை. பொருந்தாத பல்லை அழுத்தி வைத்தால் பக்கத்துப் பல்தான் வலிக்கும். "போகத்தானே வேணும்" இருக்கட்டும். அதற்குக் காரணம் இருந்தது என்று பின்னால் தெரிகிறது. அதைக் கேட்கும் வரைக்கும் எனக்கும் தெரியாது.

7

அன்று ஓடையில் பாப்பா யாரையோ அடிப்பதுபோலத் தட்டை வீசிக்கொண்டு போனாள். அண்ணி பின்னால் போனார். ஓடை வளையும் இடத்தில் செஞ்சரளை முடிந்து சாம்பல் நிறக் களிமண் தொடங்குகிறது. அங்கே பாப்பா நின்றாள்.

"என்னமோ சொல்லிச்சு."

மறுபடி வீசினாள். "ம்... கொஞ்சமா சொல்லுது." மறுபடி வீசினாள். இன்னொரு முறை. "இல்ல, ஒண்ணுமில்ல. வெறும் கல்லு. வாங்க போலாம்."

"நில்லு," என்றார் அண்ணி. "கல்லுன்னு எப்படிச் சொல்ற? திரும்பத் திரும்ப வீசினியே. இது அதையும் மண்ணுன்னு எடுத்துக்கிச்சு. கைல வை."

"இன்னிக்குமா அண்ணி?"

"கைல வை பாப்பா."

பாப்பா ஹெட்போனைக் கழற்றினாள். கழற்றி அண்ணியின் தலையில் மாட்டி, மெஷினையும் அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே வைங்க." அதுவரை அண்ணி அதைக் கையில் பிடித்ததே இல்லை.

அண்ணி நாலைந்து அடி தள்ளிப் போய், வெறும் தரையாகப் பார்த்து நின்று, ஆட்டோவை அணைத்தார். தட்டை இறக்கியதும் மண் காதுக்குள் உறுமியது. ஏற்றினார், குறைந்தது. திருகியை ஒரு மயிரிழை திருப்பி மறுபடி இறக்கினார். உறுமல் முனகலாயிற்று. இன்னொரு மயிரிழை. பீங்கான் பல்லில் கடைசிப் பூச்சுப் பூசும்போது வருமே, அந்த மாதிரி விரல் தானாகவே பொறுமையாகிவிட்டது என்றார். ஏற்றினாலும் இறக்கினாலும் ஒரே ரீங்காரம். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் ஓடுவதுபோல.

நிமிர்ந்தபோது எதிரே பாப்பாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அண்ணி ஹெட்போனின் ஒரு காதை விலக்கினார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"என்னமோ சொன்னியே."

பாப்பா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள். "'போகாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களான்னு கேட்டேன்."

அண்ணி மெஷினின் திரையைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"சொல்றதுக்கு நான் யாரு?"

"அண்ணி."

"அது கோர்ட்டுல கையெழுத்துப் போட்ட அன்னிக்கே முடிஞ்சு போச்சு. அவர் உன் கூடப் பிறந்தவர். நான் இப்போ உங்க வீட்டுல யாரும் இல்ல பாப்பா."

"முறிச்சுக்கிட்டது அவன்," என்றாள் பாப்பா. "நான் முறிக்கலையே."

பிறகு பாப்பா, பஸ்ஸில் பேசும் குரலே இல்லாமல், "இத்தனை வருஷமா யாரோ ஒருத்தங்க கூடவா நான் இருந்தேன்?" என்றாள்.

அண்ணி ஹெட்போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டு பழைய இடத்துக்கு வந்து தட்டை வீசினார். ரீங்காரத்தில் ஒரு சின்ன மேடு. திரும்ப வீசினார், அதே மேடு. எத்தனை முறை வீசினாலும் அது போகவில்லை.

"இருக்கு," என்றார்.

தோண்டினார்கள். வெட்டிய மண்ணைப் பிளாஸ்டிக் தட்டில் போட்டு, பாதியை மெஷினில் காட்டினார்கள். சத்தம் வராத பாதியைக் கொட்டினார்கள். மீதியை மறுபடி பாதியாக்கினார்கள். கடைசியில் ஒரு சிட்டிகை மண் மிஞ்சியது. அண்ணி அதில் ஊதினார். அரிசி நொய்யில் பாதி இருக்கும். தினமும் பார்க்கிற நிறம் என்பதால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. விரல் நுனியில் ஒற்றி எடுத்துப் பாப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுக்கா இவ்வளவு பாடு," என்றாள் பாப்பா. சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். துணுக்கு தவறிவிடாமல் இருக்க அண்ணி தன் கையை அவள் கைக்குக் கீழே ஏந்திக்கொண்டார்.

"நான் போகாம இருக்க முடியாது அண்ணி. என்ன இருந்தாலும் அவன்..."

"தெரியும்."

"ஆனா நீங்க அப்படிப் பட்டுனு சொன்னதும்..."

"போகாதேன்னு நான் சொன்னா நீ நின்னுடுவ," என்றார் அண்ணி. "நின்னுட்டா அவர் அங்க தண்ணி குடுக்க ஆள் இல்லாம கிடப்பார். அப்படி ஒரு காரியத்தை நான் செய்ய மாட்டேன். அதான் சொல்லல."

பாப்பா யோசித்தாள். "நீங்க சொன்னா நான் நின்னுடுவேனா?"

"நின்னுடுவ."

"அப்போ யாரும் இல்லன்னு எந்த வாயால சொல்றீங்க?"

அண்ணி குனிந்து, தோண்டிய குழியை மண்ணால் மூட ஆரம்பித்தார்.

8

பாப்பா போனாள். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லி, ஒரே ஒரு பெட்டியோடு. தங்கத் துணுக்கை அண்ணி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். "வழியில தொலைச்சுடுவேன், நீங்களே வச்சிருங்க" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். யூனிஃபாரம் இஸ்திரி போட்டபடி கொடியில் தொங்கியது. அதை எடுத்து மடித்து வைக்கலாமா வேண்டாமா என்று அண்ணி தினமும் அதைத் தாண்டிப் போனார்.

போன் வரும். அண்ணன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். கரண்டியைப் பிடித்தார். ஒரு முறை பாப்பா, "அண்ணன் உங்களை விசாரிச்சான்" என்றாள். "நல்லா இருக்கேன்னு சொல்லு," என்றார் அண்ணி. அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

ஒரு விடுமுறை நாளில் அண்ணி தனியாக ஓடைக்குப் போனார். பஸ் பிடித்து, பாலத்தில் இறங்கி, மெஷினைத் தோளில் சாத்திக்கொண்டு. போய் நின்றபிறகு, தனியாக இதைச் செய்ய என்னவோ போலிருந்தது. பாப்பாவுக்குப் போன் செய்தார். அவள் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அண்ணனுக்கு நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி ஹெட்போனைக் கழற்றி அதன் ஒரு காதைப் போனோடு சேர்த்துப் பிடித்தார்.

"கேக்குதா?"

"என்ன அண்ணி, கொர்ருங்குது."

"இதான் மண்ணு. இரு." திருகியைத் திருப்பினார். "இப்போ?"

"கொறஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம். ஆ... நீங்க தாண்டிட்டீங்க, பின்னால வாங்க."

"இப்போ?"

"இது சரி. இதுல நிறுத்துங்க."

நிறுத்தினார். அங்கே நடையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போகும் சத்தம். இங்கே சீரான ரீங்காரம். இரண்டு பேரும் அதையே கேட்டார்கள். அன்று கிடைத்தது ஒரு ஆணி.

"அண்ணன் இன்னிக்கு எதையும் பிடிச்சுக்காம வாசல் வரைக்கும் நடந்துட்டான்," என்றாள் பாப்பா.

"நல்லது."

அப்புறம் பாப்பா கேட்டாள்: "வரட்டுமா?"

இதுவரை சொல்லிவிட்டு, அண்ணி பல் மாதிரிகளை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "போன்ல யாராவது வரட்டுமான்னு சொல்லுவாங்களா? வைக்கட்டுமான்னுதானே சொல்லுவாங்க. நீங்களே சொல்லுங்க."

நான் என்னத்தைச் சொல்வது? தலையை ஆட்டினேன். ஆனால் அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. வாசற்படி தாண்டிப் போகிறவர்கள் சொல்வதும் வரட்டுமா. உன்னிடம் திரும்பி வந்துவிடலாமா என்று கேட்பதும் வரட்டுமா. போவதற்கும் வருவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் நாம் எப்படிக் குழம்பாமல் இருந்தோம்? பாப்பா விடைபெற்றாளா, அனுமதி கேட்டாளா? பொத்தான் போடக் கற்றுக்கொண்ட மனிதரோடு இன்னும் இருக்கப் போகிறாளா, கிளம்பப் போகிறாளா?

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கையால் ஜாடை காட்டிக் கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மருத்துவர் வந்துவிட்டார். எச்சில் உறிஞ்சும் குழாயை என் வாயில் மாட்டினார். அது சளசளவென்று இரைந்தது. அண்ணி எழுந்துகொண்டே எனக்குப் பதில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மாஸ்க்குத் துணி ஒரே ஒரு முறை அசைந்தது, அவ்வளவுதான். ஒரே முறை என்பதால், அவர் பாப்பாவுக்குச் சொன்னது ஓரெழுத்தாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவருடைய சிக்கன வாய்க்கு அதுவே அதிகம்.

ஓரெழுத்தில் சொல்லக்கூடியவை என்று எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று "ம்". உதடு மூட வேண்டும். விடைபெற்றவளுக்கு அது வழியனுப்பு. கேட்டவளுக்கு அது பாதிச் சம்மதம். மற்றது "வா". அதற்கு உதடு திறக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் வேறு எதற்கும் இடமில்லை. "போகாதே" சொல்லத் தயங்கிய ஒருவர் அதைச் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கேப் மாட்டப் போன நாளில் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். மாட்டியாயிற்று, கச்சிதமாகப் பொருந்துகிறது. மாடிப் பட்டறையைக் காட்டி, "அவங்க இல்லையா?" என்றேன். லீவு போட்டிருக்கிறார்கள் என்றார்கள். எதற்கு லீவு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் கேட்டுவந்து எழுதினால் அது தகவலாகிவிடும்.

அதனால் ஓடைக்கரையில் அண்ணியை அப்படியே நிறுத்திவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். ஒரு கையில் மெஷின், ஒரு கையில் போன். நீங்கள் அவர் பக்கத்தில் நில்லுங்கள். பாப்பா இன்னும் லைனில் இருக்கிறாள்.

"வரட்டுமா அண்ணி?"

"